கையெழுத்துப் போடாத கடிதம்

மொழிவாரிப் பிரிவினையில் மைசூர் ராஜ்யம் பெரிதாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது பெங்களூரில், அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் ஒரு சின்னத் தமிழ் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். எங்கள் மூத்த பெண் மிடில் ஸ்கூல் முடித்திருந்தாள். அவளை ஹைஸ்கூலில் சேர்க்க நான் அலைந்த அலைச்சலும், அந்த அலைச்சலின் நடுவில் நான் செய்த காரியமும்தான் இது.

எங்கள் வட்டாரத்தில் பெண்களுக்கென்று ஒரு அரசாங்க ஹைஸ்கூல் இருந்தது. நல்ல டீச்சர்கள், சயன்ஸ் படிக்கத் தனி அறை, சுற்றிலும் மதில் சுவர். அங்கே படித்த பெண் நிச்சயம் பாஸாகிவிடுவாள் என்று ஊரே நம்பியது. ஆனால் தமிழில் பாடம் நடத்தும் பிரிவு ஒன்றே ஒன்றுதான், அதில் நாற்பது இடம். பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள்.

முதல் நாள் போனபோது அப்ளிகேஷன் பாரம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் பாரம் இருந்தது, கொடுக்கும் குமாஸ்தா லீவு. மூன்றாம் நாள் சர்ட்டிபிகேட்டில் முத்திரை சரியாக விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து "நாளெ பன்னி" என்பார் அந்தக் குமாஸ்தா. நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்துச் சொன்னால்கூட மனசு ஆறும், அதுவும் கிடையாது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, வராந்தாவில் நின்று கால் கடுத்து, அதே பஸ்ஸில் திரும்புவேன். என்னைப் போல எத்தனையோ பேர். வேலைக்குப் போகும் உடையோடு வந்த அப்பாக்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்ட அம்மாக்கள். முதல் நாள் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் பேச்சு நின்றுவிட்டது.

அந்த வராந்தாவில்தான் அவரைப் பார்த்தேன். பங்களா ஒன்றில் பட்லராக இருந்தார், சமையலும் அவர்தான். காலைப் பலகாரம் முடித்துவிட்டு வருவார், மத்தியானச் சமையலுக்குள் ஓடிவிடுவார். வெளுத்த காக்கிச் சட்டை, புறங்கையெல்லாம் சூடு பட்ட தழும்பு. நான் டீச்சர் என்று தெரிந்ததும் பெஞ்சில் தன் இடத்தை விட்டு எழுந்துகொண்டார்.

"நீங்க குந்துங்க டீச்சரம்மா. நான் நின்னே பழக்கம்."

அவருக்கு ஒரே பெண், என் மூத்தவளின் வயதுதான்; ஓரிரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தாய் இல்லை. பங்களாவின் சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் கணக்குப் போடுவாளாம். ஒரு நாள் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"எங்க தொரை சிபாரிசா ஒரு லெட்டர் எழுதிக் குட்த்தாரு. உங்க பாப்பாவுக்கும் ஒண்ணு கேக்கட்டுமா? நல்ல மனுசன், மாட்டேன்னு சொல்லமாட்டாரு."

"வேணாங்க. எம்பொண்ணு பரீட்சை எழுதியே வந்துடுவா" என்றேன்.

மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது என் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. டீச்சர் பெண் எங்கே, பட்லர் பெண் எங்கே என்கிற சிரிப்பு. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

ஒரு சனிக்கிழமை பரீட்சை நடந்தது. வெளியே வந்த என் பெண்ணிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "நல்லாத்தாம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அன்று தூறல். கண்ணாடி போட்ட பலகைக்குள் ஒரே ஒரு தாள். மேலிருந்து படித்தேன். நான்காவது பெயர் பட்லரின் பெண். நாற்பது வரை போனேன், மறுபடி மேலிருந்து வந்தேன். என் பெண்ணின் பெயர் இல்லை. பக்கத்தில் ஒருவர் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தார். துடைத்தால் இன்னும் ஒரு பெயர் தெரியுமோ என்பதுபோல.

பட்லர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா, பேர் வந்துட்ச்சு. உங்க பாப்பா எத்தினியாவது?"

"இன்னும் பார்க்கலைங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கல்வி இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். இந்தப் பள்ளியில் பங்களாக்காரர்களின் சிபாரிசுக்கு இடம் கொடுக்கிறார்கள், இன்ன பெண் அப்படி வந்தவள்தான், விசாரிக்க வேண்டும் என்று. அந்தப் பெண்ணின் பெயரை முழுதாக எழுதினேன். என் பெயரை எழுதவில்லை. கரும்பலகையில் எழுதிப் பழகிய என் எழுத்து அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்து, வேண்டுமென்றே சாய்த்துச் சாய்த்து எழுதினேன். கீழே 'பாதிக்கப்பட்ட பெற்றோர்' என்று மட்டும் போட்டு, கடைத்தெருத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அவர்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் நின்ற அலுப்பை இறக்கிவைக்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

பள்ளிகள் திறந்தன. ஒரு வாரம் கழித்து, யாராவது சேராமல் விட்ட இடம் இருக்கிறதா என்று கேட்கத் தலைமையாசிரியையிடம் போனேன். மல்லேஸ்வரத்திலிருந்து வருகிற அம்மா, நன்றாகத் தமிழ் பேசுவார். நான் விஷயத்தைச் சொன்னதும் அலமாரியிலிருந்து விடைத்தாள் கட்டு ஒன்றை எடுத்துத் தேடி, என் பெண்ணின் கணக்குத் தாளை மேஜைமேல் வைத்தார்.

"நீங்களும் டீச்சர். நீங்களே பாருங்கோ."

கேள்வித்தாளின் பின்பக்கம் மூன்று கணக்குகள் இருந்தன. பெரிய மார்க் எல்லாம் அவற்றுக்குத்தான். என் பெண் ஒன்றைக்கூடத் தொடவில்லை. முன்பக்கத்தில் போட்டதெல்லாம் சரியாக இருந்தது. தாளைத் திருப்பியே பார்க்கவில்லை என்று தெரிந்தது.

"சிபாரிசு இருந்தாத்தான் இடம்னு வெளியில பேசிக்கிறாங்களே" என்று மெல்லக் கேட்டேன்.

அவர் மேஜைக்குக் கீழே இருந்த ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். கவர்கள் நிரம்பி வழிந்தன. பாதிக்கு மேல் பிரிக்கக்கூட இல்லை.

"இத்தனை பேருக்கும் இடம் குடுக்கணும்னா நான் மைதானத்திலதான் கிளாஸ் வைக்கணும். இதில ஒரு மொட்டைக் கடுதாசி வேற. நாலாவதா வந்த பொண்ணு, கணக்கில ஒரு தப்பு இல்லை. விசாரணை முடியற வரைக்கும் ரிஜிஸ்டர்ல பேர் ஏத்தாதேன்னு ஆர்டர் வந்திருக்கு. ரிஜிஸ்டர்ல பேர் இல்லாம கிளாஸுக்குள்ள விட எனக்கு அதிகாரம் இல்லை. வராந்தாவில உட்கார்ந்து கேட்டுக்கோன்னு சொல்லியிருக்கேன்."

வெளியே வந்தபோது பார்த்தேன். வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, தரையில், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே டீச்சர் பலகையில் எழுதும்போதெல்லாம் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள், பிறகு உட்கார்ந்து எழுதுவாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வராந்தாவில் அப்பாவோடு பார்த்த டீச்சர் என்று அடையாளம் தெரிந்திருக்கும்.

அப்போதே உள்ளே திரும்பிப்போய் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கால் பஸ் நிறுத்தத்துக்குத்தான் போனது.

வீட்டில் என் பெண்ணிடம் கேட்டேன், பின்பக்கம் பார்க்கவே இல்லையா என்று.

"வெளியில வந்ததும் மத்த பொண்ணுங்க பேசிக்கிட்டாங்கம்மா. அப்பவே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நீதான் எல்லார்கிட்டயும் நான் வந்துடுவேன்னு சொல்லிக்கிட்டு இருந்தியே."

அன்றைக்கு அவள் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். சொல்ல முடியாதபடி வைத்திருந்தது நான்தான்.

இரண்டு நாள் யோசித்தேன். வேலை போய்விடுமோ என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"போய்ச் சொல்லிட்டு வந்துடு. நம்ம பொண்ணைத் தூரமானாலும் வேற ஸ்கூல்ல சேர்த்துடலாம். போதும் அலைஞ்சது" என்றார்.

கல்வி இலாகா ஆபீஸிலும் அதே கதைதான். அதிகாரி வெளியூர் கேம்ப் போயிருக்கிறார், நாளெ பன்னி. அங்கேயும் ஒரு நீள பெஞ்சு. அங்கேயும் அந்த பட்லர். எவனோ எழுதிப்போட்ட கடுதாசிக்காகத் தினமும் வந்து உட்காருகிறேன் என்றார். நான் இன்னும் என் பெண்ணின் இடத்துக்காகத்தான் அலைகிறேன் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். இரண்டாம் நாள் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். பங்களாவில் செய்த கேக்.

"காலையில ஒண்ணும் துன்னாம வந்திருப்பீங்க. எடுத்துக்கோங்க டீச்சரம்மா."

கையில் வாங்கிக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"அந்தக் கடுதாசி எழுதினது நான்தாங்க" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கடுதாசி?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்களா?"

தலையாட்டினேன்.

"ஏன்?"

இத்தனை நாள் எனக்குள் எத்தனையோ காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அப்படி நேராகக் கேட்டபோது எல்லாமே பொய்யாகத் தெரிந்தன. அவர் எழுந்து பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மறுநாளும் அங்கேதான் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான்காம் நாள் அதிகாரி வந்தார். நான் சொன்னதையெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "இதை எழுத உங்களுக்குக் கால் மணி ஆகியிருக்கும். இனிமேல் நான் பள்ளிக்கு எழுதி, அவர்கள் பதில் எழுதி, மேலே அனுப்பி, அது திரும்பி வர வேண்டும். உங்கள் கடிதத்தைக் கிழித்துப்போட எனக்கு அதிகாரமில்லை அம்மா." ஒரு தாளைத் தந்து, நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். இந்தத் தடவை என் சொந்தக் கையெழுத்தில் எழுதி, பெயர், பள்ளி, விலாசம் எல்லாம் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் எட்டு நாள் ஆயிற்று. அந்தப் பெண் ஏறக்குறைய மூன்று வாரம் தரையில் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு, கடைசியில் வகுப்புக்குள் போனாள். என் வேலை போகவில்லை. எங்கள் பள்ளிக்கு ஒரு குறிப்பு மட்டும் வந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மேஜை டிராயருக்குள் வைத்தார். அவர் ரிடையராகும் வரைக்கும் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் என் கண் அந்த டிராயருக்குத்தான் போகும். என் பெண்ணை இரண்டு மைல் தள்ளி இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தோம். நடந்தே போய் வந்தாள். நன்றாகத்தான் படித்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பட்லர் கூடையோடு எதிரில் வந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவரே பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. நிறைய வேலை செய்துவிட்டு வந்தவரைப் போல இருந்தார்.

"எம்பொண்ணு கிட்ட நான் சொல்லலைங்க. யாரோ எழுதினாங்கன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். நீங்க டீச்சர்னு அதுக்கு ரொம்ப மரியாதை. வழியில பார்த்தா வணக்கம் சொல்லும். நீங்களும் பதிலுக்குச் சொல்லிடுங்க. அது போதும்."

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை.

அந்தப் பெண் ஹைஸ்கூல் முடிக்கும் வரைக்கும், வழியில் என்னைப் பார்த்தபோதெல்லாம் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னாள். நானும் கூப்பினேன். அது அவர் எனக்குத் தந்த மன்னிப்பா தண்டனையா என்று இந்த வயதிலும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அலுப்பிலோ ஆத்திரத்திலோ யாரையாவது பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், கூப்பிய அந்த இரண்டு கைகள் முன்னால் வந்து என்னை நிறுத்திவிடுகின்றன.