ஒரு லைன் முழுக்க ஒரே பாட்டு

ஒரே கம்பெனியில் ஷிஃப்ட் மாறிப் போகும் புருஷன் பெண்டாட்டிக்குப் பேச்சு எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான். என் மனைவிக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மதியம். அவள் சாமி படம் வைத்தால் மனசு நன்றாக இருக்கிறது. ஒன்றும் வைக்காவிட்டால் கேஸ் தீர்ந்துவிட்டது. இப்படி நானே அர்த்தம் கட்டி வைத்திருந்தேன்.

அன்று வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் ஒரு பாட்டு. கட்டினவளை விட்டுவிட்டு இன்னொருத்தி பின்னால் போனவனிடம், யாருக்குப் பூ வாங்கினாய் என்று ஒரு பெண் அழுகிறாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். யார் கேள்வி கேட்டாலும் என்னைத்தான் கேட்கிறார்கள் என்று பயந்துவிடுவேன். யாருக்குப் பூ வாங்கினேன்? யோசித்தேன். ஆயுத பூஜைக்கு வாங்கினேன், என் மெஷினுக்கு. வீட்டுக்கு ஒரு முழம்கூட எடுத்துப்போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என்னை விட்டுப் போய்விடுவாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தளிப் பக்கத்து ஊர்க்காரர். அவர் முகமும் சரியில்லை.

"ஏம்பா, பொம்பளைங்க பாட்டு வெச்சா நெசமாவே நம்மளத்தான் சொல்றாங்களா? எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டாரு."

"எனக்குத் தெரிஞ்சவரும் அதையேதான் கேட்டாருண்ணா" என்றேன்.

பூக்கடை பக்கம் வந்ததும் டிரைவரைக் கெஞ்சி நிறுத்தச் சொன்னேன். நான் மட்டும் இறங்குவேன் என்று நினைத்தால் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னா விசேசம், கம்பெனிக்குக் கல்யாணமா?" என்றாள் பூக்காரம்மா.

காலை ஷிஃப்ட் விட்டபோது கேட் ஓரமாக, பொட்டலமும் கையுமாக வரிசையாக நின்றோம். என் மனைவி பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இன்னா தப்பு பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. அந்தப் பாட்டு..."

தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவளோடு ஒரே அசெம்பிளி லைனில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் புருஷன் வேறொருத்தியோடு பெங்களூர் போய்விட்டான். அந்தப் பெண்தான் முதலில் பாட்டை வைத்தாள். மாமியார் போன் போட்டு, குடும்ப மானம் போகிறது, அழி என்று கத்தியிருக்கிறாள். அழிக்க மனசு வரவில்லை. உடனே, காலையில் கேட்டில் போனை ஒப்படைப்பதற்குள், லைனில் இருந்த எல்லாப் பெண்களும் அதே பாட்டை வைத்துவிட்டார்கள். மாமியார் கேட்டால், இது எங்கள் லைன் பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நீ போயி இன்னொருத்திகிட்ட பேசணும்னா, பயந்துகிட்டு மொதல்ல என்னத்தான தொணைக்குக் கூப்புடுவ" என்றாள்.

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

பெண்கள் எல்லோரும் புருஷன் தந்த பூவில் ஆளுக்கொரு துண்டு கிள்ளி அந்தப் பெண்ணின் தலையில் வைத்தார்கள். பூ பாரத்தில் ஜடையே தெரியவில்லை.

"ஓடிப்போனவன் இவ்ளோ பூ வாங்கித் தந்ததே இல்லக்கா" என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செக்யூரிட்டியிடம் ஒப்படைக்கப்போன என் போன் அடித்தது. அஞ்செட்டியிலிருந்து அம்மா.

"யார்ரா அவ?"

நான் விளக்குவதற்குள், உன் பெண்டாட்டி வைத்த பாட்டைக் கேட்டேன், பஸ் ஏறியாயிற்று, உன் மாமனாரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.