நிற்காத விமானமும் ஆயக்குடிக் கொய்யாவும்

கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு இறங்கி, அங்கிருந்து குறைந்த கட்டண விமானத்தில் சென்னைக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் பூம்பாறையில் பூண்டு போடுகிறவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இந்த மலிவு விமானம் எப்படி ஓடுகிறது, எதனால் மலிவாக இருக்கிறது என்று யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். என் மகன் வயிற்றுப் பேத்தி தீபா அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். மதுரை விமான நிலையக் கவுண்டரில் பெட்டியை எடை போட்டு, உள்ளே போகும் சீட்டைக் கொடுப்பது அவள்தான். எங்கள் ஊரிலிருந்து அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள். இதை நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

போனது 2007 ஐப்பசியில். சென்னையில் இருக்கும் என் மகள் மல்லிகாவுக்கு இரண்டாவது பிரசவம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, அவர் கடலில் இருந்தார். பத்து நாள் முன்னாலேயே போய் இருந்துகொள்ளலாம் என்று, மூன்று மாதம் முன்பே தீபா சலுகை விலையில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். 999 ரூபாய், வரி தனி. புறப்படுவதற்கு முதல் நாள் மல்லிகா போன் செய்தாள். பனிக்குட நீர் குறைந்துவிட்டதாம், பத்து நாள் காத்திருக்க முடியாதாம். நாளைக்குச் சாயங்காலம் ஏழரைக்கு ஆபரேஷன், கையெழுத்துப் போடச் சொந்தத்தில் ஒருவர் வேண்டும். "நீ வந்துருவேல்லம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மல்லிகா எதையும் இரண்டு தடவை கேட்கிறவள் இல்லை.

விமானம் மதுரையில் 11.20க்கு. சென்னைக்கு 12.35. நிறைய நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

எங்கள் ஊர் முருகேசனின் வாடகை ஜீப்பில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். பேசிய வாடகை 1,800. வத்தலக்குண்டு வழியாகப் போனால் நாலரை மணி நேரம், ஒன்பதுக்கெல்லாம் சேர்ந்துவிடலாம். பின்னால் ஒரு சாக்கில் மலைப்பூண்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமே. அதோடு என் துணிப்பை. ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது. கொடைக்கானல் ஏரிப்பக்கம் வண்டி விளக்குக்கு முன்னால் பத்தடி கூடத் தெரியவில்லை. முருகேசன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

பெருமாள் மலை பிரிவில் வண்டிகள் வரிசையாக நின்றன. வத்தலக்குண்டு ரோட்டில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து, மண்ணும் சேர்ந்து இறங்கிவிட்டதாம். அறுப்பதற்கு ஆள் வருகிறார்கள் என்றார்கள். இருபது நிமிடம் நின்றோம், ஆள் வரவில்லை. அந்தப் பிரிவில் இன்னொரு ரோடு பழனிக்கு இறங்குகிறது. அதில் போனால் பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் சுற்றித்தான் மதுரை. அறுபது எழுபது கிலோமீட்டர் கூட.

"ஆத்தா, சுத்துதான். ஆனா நின்னுக்கிட்டு இருக்கறதுக்கு ஓடிக்கிட்டு இருக்கலாம்" என்றான் முருகேசன்.

"திருப்புலே" என்றேன்.

பழனி ரோடு குறுகல், வளைவு அதிகம். இரண்டு இடத்தில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடியது. ஒரு வளைவில் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து, நாங்கள் பின்னாலேயே ஐம்பதடி போய் ஒதுங்க வேண்டியிருந்தது. நான் கண்ணை மூடி மல்லிகாவின் முதல் பிரசவத்தை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. இந்தத் தடவை யார் கையைப் பிடிப்பாள்?

அடிவாரம் வந்ததும் முருகேசனின் செல்போனில் சிக்னல் கோடு தெரிந்தது. தீபாவைக் கூப்பிட்டேன். மரம் விழுந்ததைச் சொல்லி, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், பார்த்துக்கொள் என்றேன்.

"அப்பத்தா, பத்தே முக்காலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கவுண்டரை மூடிருவோம். பத்து முப்பத்தஞ்சு. வெரசா வாங்க. எங்கயும் நிக்காதீங்க" என்றாள்.

நான் சரி சரி என்றேன். இங்கேதான் நான் தப்பாக நினைத்தேன். எங்கள் மலையில் முதல் பஸ் யாரையும் விட்டுவிட்டுப் போகாது. கேரட் மூட்டையோடு ஒருத்தர் தோட்டத்திலிருந்து ஏறி வருகிறார் என்றால் கண்டக்டர் விசில் ஊத மாட்டார். அவசரப்படுகிறவர்களிடம், வர்றாருல்ல, பொறுங்க என்பார். அந்தப் பஸ்ஸிலேயே ஐம்பது வருடம் போய் வந்தவள் நான். கவுண்டரில் உட்கார்ந்திருப்பதோ நான் தூக்கி வளர்த்த பிள்ளை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் அவள் பார்த்துக்கொள்ள மாட்டாளா?

அதனால் ஆயக்குடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ரோட்டோரம் கூடை கூடையாகக் கொய்யா. தீபாவுக்கு ஆயக்குடிக் கொய்யா என்றால் உயிர். முருகேசன் வேண்டாம் ஆத்தா என்றான். அந்த வழியே போய்விட்டு வெறுங்கையோடு அவள் முகத்தில் முழிக்க எனக்கு மனசு வரவில்லை. விற்கிற பெண்ணுக்குச் சில்லறை இல்லை, பக்கத்துக் கடையில் மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு கிலோ, முப்பது ரூபாய். நான் ஏறி உட்கார்ந்ததும் முருகேசன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

திண்டுக்கல்லுக்குப் பிறகு ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. மதுரைக்குள் நுழைந்ததும் சிக்னல், டவுன் பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள். விமான நிலைய வாசலில் இறங்கியபோது மணி 10.39.

போலீஸ்காரர் டிக்கெட்டையும் வாக்காளர் அட்டையையும் நிதானமாகப் பார்த்தார். முருகேசனுக்கு உள்ளே அனுமதி இல்லை. கொய்யாவைத் தீபா வெளியே வரும்போது கொடுத்துவிடு என்று அவனிடம் விட்டுவிட்டு, சாக்கைத் தள்ளுவண்டியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு ஓடினேன். கவுண்டர் தெரிந்தது, தீபாவும் தெரிந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் ஆரஞ்சுத் துணி. எதிரே யாரும் இல்லை. மேசைமேல் 'மூடப்பட்டது' என்ற பலகை.

"வந்துட்டேன்டி" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மேடம், கவுண்டர் மூடியாச்சுங்க."

அத்தைக்காரி ஆஸ்பத்திரியில் கெடக்கா, தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். தெரியும் மேடம் என்றாள். ஆனால் பலகையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அப்போது அவள் தற்காலிக வேலையில்தான் இருந்தாள், அடுத்த மாதம்தான் நிரந்தரம் ஆக்குவார்களா வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தெரியவரும். அதையும் நான் அறிவேன். அறிந்தும் அந்த நேரத்தில் அவளை என்னென்னவோ சொல்லிவிட்டேன்.

11.20க்கு விமானம் கிளம்பிப் போனது. கண்ணாடி வழியாக நின்று பார்த்தேன்.

பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணி நேரம், ஆபரேஷன் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வேன். சாயங்காலம் 5.05க்கு அதே கம்பெனி விமானம் ஒன்று இருந்தது. 6.20க்குச் சென்னை. அதற்கு அன்றைய விலை 3,450 ரூபாய். தவறவிட்ட டிக்கெட்டுக்கு ஒரு பைசா திரும்பாது. பூண்டு விற்ற பணம் இடுப்பில் இருந்ததால் டிக்கெட் விற்கும் ஜன்னலில் கொடுத்து வாங்கினேன். கடைசி இரண்டு இடத்தில் ஒன்று. மல்லிகாவுக்குப் போன் செய்து, சாயங்காலம் வந்துவிடுவேன் என்றேன். விமானம் நேரத்துக்கு வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். எனக்குத் தெரியாது.

ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தீபா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் சொன்னதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கம்பெனி ஒரே ஒரு விமானத்தோடு ஆரம்பித்ததாம், இப்போது ஆறு. சனி ஞாயிறு ஊர் சுற்றுகிறவர்களை நம்பித்தான் ஒவ்வொரு ஊராகச் சேர்க்கிறார்கள். அவர்கள் வரத் தொடங்கிய பிறகு கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வாடகை அறை போடாத வீடு குறைவு. விமானத்தில் சாப்பாடு இல்லை, தண்ணீருக்கும் காசு. இறங்கியதும் குப்பையை எடுப்பது அந்த ஏர்ஹோஸ்டஸ் பெண்கள்தான், அதற்குத் தனி ஆள் இல்லை. இருபத்தைந்து நிமிடத்தில் ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, மறுபடி பறக்க வேண்டும். தரையில் நிற்கிற விமானம் சம்பாதிக்காது. "காலையில அஞ்சு நிமிஷம் நின்னா அப்பத்தா, சாயங்காலம் அது முக்கா மணி நேரமாயிரும்" என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு நான் பூண்டு உரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

நான்கு மணிக்குக் கவுண்டர் திறந்தது. எடை 21 கிலோ, அனுமதி 15. தீபா ஆறு கிலோவையும் விடவில்லை, கையில் ஏழு கிலோ வரை கொண்டுபோகலாம் மேடம் என்றாள். சாக்கைப் பிரித்து, ஆறு கிலோ பூண்டை மஞ்சப் பைக்கு மாற்றினேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

4.20க்குப் பலகை வந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு புதுமணத் தம்பதி ஓடி வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் மருதாணி கூட மங்கவில்லை. கொடைக்கானலிலிருந்து வருகிறார்கள், அதே மரம்தான், அதே பழனி ரோடுதான். விமானம் இன்னும் தரை இறங்கக்கூட இல்லையே என்று அந்தப் பையன் கெஞ்சினான். நியாயம்தானே? எனக்கு வாய் வரை வந்தது, பாவம்டி, விட்டுடு என்று.

அப்போதுதான் உறைத்தது. இப்போது இறங்கப்போகும் விமானம் காலையில் எனக்காக நிற்காமல் போன அதே விமானம். சென்னை, திருச்சி, மறுபடி சென்னை என்று சுற்றிவிட்டு வருகிறது. எனக்காக அது காலையில் நின்றிருந்தால் இப்போது எங்கே இருந்திருக்கும்? இவர்களுக்காக நின்றால் மல்லிகாவின் ஏழரை மணி என்ன ஆகும்?

"சார், கவுண்டர் மூடியாச்சுங்க" என்றாள் தீபா. காலையில் என்னிடம் பேசிய அதே குரல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண்ணின் அழுகைச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

4.38க்கு இறக்கை முன்னால் விசிறி வைத்த சின்ன விமானம் ஒன்று வந்து இறங்கியது. ஓடுபாதைப் பக்கம் நடந்தே போய் ஏறினோம். சீட்டில் எண் கிடையாது, முந்துகிறவருக்கு இடம். ஜன்னல் பக்கம் மஞ்சப் பையைப் போட்டு இடம் பிடித்தேன். விமானம் முழுக்கப் பூண்டு வாசனை. பக்கத்து ஆசாமி முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு கிலோ என்ன விலை என்று கேட்டார். ஆணி அடித்த மாதிரி 5.05க்குக் கிளம்பியது. மேகத்துக்குள் குலுங்கியபோது பயப்படக்கூட எனக்கு நேரமில்லை, மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது ஏழு பத்து. மல்லிகாவைத் தள்ளுகட்டிலில் மாற்றியிருந்தார்கள். என் பெயரைத் தமிழில் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கதவு வரைக்கும் அவள் என் கையை விடவில்லை. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

எட்டரைக்குத் தீபா போன் செய்தாள்.

"மேடம், பயணம் நல்லா இருந்துச்சா?"

"எருமை" என்றேன். "முருகேசன்ட்ட கொய்யா குடுத்து விட்டுருந்தேனே, வந்துச்சா?"

"ஏர்போர்ட் வாசல்லயே உக்காந்து தின்னுட்டு இருக்கேன் அப்பத்தா" என்றாள். அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. மறு மாதம் அவளை நிரந்தரம் செய்துவிட்டார்கள்.

இனி போகிறவர்களுக்கு. மழைக்காலத்தில் விமான நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் மலையை விட்டுக் கிளம்புங்கள், முடிந்தால் முதல் நாளே மதுரையில் தங்கிவிடுங்கள். பெருமாள் மலை பிரிவில் ரோடு அடைத்திருந்தால் காத்திருக்காமல் பழனிப் பக்கம் திருப்புங்கள். முருகேசன் அதற்கு 600 ரூபாய் கூட வாங்கினான், தகும். பெட்டியை வீட்டிலேயே எடை போடுங்கள். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை உள்ளே போன பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் சொந்தக்காரர் இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள், அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்தாதீர்கள். எங்கள் மலைப் பஸ் நமக்காக நிற்கும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரி நிற்காது, நேரம் தப்பினால் லாரியில் இருக்கும் அத்தனை பேர் காய்க்கும் விலை போய்விடும். இந்த விமானம் அந்த லாரி மாதிரி.

ஆயக்குடிக் கொய்யாவை அவசியம் வாங்குங்கள். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது வாங்குங்கள்.