வேஷம் கிடைத்தால் மொட்டை!

போன வாரம் எங்கள் வீட்டுக்கு காஸ் சிலிண்டர் போட வந்தவர், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

நான் ஃபிரிட்ஜோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். என் இரண்டு கைகளும் அதன் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கட்டியிருந்தது கயிறு அல்ல, என் மனைவியின் சடை. சடையின் மறுமுனையில் மனைவியும் இருந்தாள். 'இனி எந்தப் பெண்ணையாவது நிமிர்ந்து பார்த்தாயோ...' என்று தெலுங்கில் கர்ஜித்துக்கொண்டிருந்தாள்.

காஸ்காரர் சிலிண்டரை மெதுவாக இறக்கினார். "அண்ணா... நான் அப்பறமா வர்ட்டா?"

"நாடகம்ங்க... ரிகர்சல்" என்றேன்.

"எல்லா வூட்லயும் அப்டித்தாண்ணா சொல்றாங்க" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் திருப்பதியில் ஒரு நாடகக் குழு. ஆபீஸ், கடை முடித்துவிட்டு வருகிறவர்கள் சேர்ந்து நடத்துவது. புது நாடகத்துக்கு ஆடிஷன் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கதாநாயகி ஒரு குயவர் வீட்டுப் பெண். ஊரையே ஆட்டிப்படைக்கும் ஜமீன்தாரைக் கடைசிக் காட்சியில் தன் சடையாலேயே தூணில் கட்டிப்போடுகிறாள். ஆகவே, நீளமான நிஜ முடி கட்டாயம். விக், சவுரி எதுவும் கூடாது. போன நாடகத்தில் மகாராணியின் விக், மந்திரியின் சட்டைப் பித்தானில் மாட்டிக்கொண்டு அவரோடு அரண்மனையை விட்டே போய்விட்டதாம்!

என் மனைவி புவனாவுக்கு முடி முழங்காலைத் தொடும். நாகலாபுரத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டவள். அப்புறம் காலேஜ், கல்யாணம், ஸ்ரீசிட்டி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை... நாடகம் எங்கே போடுவது? அவள் அந்த வாட்ஸ்அப்பைக் காட்டியபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வூட்லயும் சரி, ஆபீஸ்லயும் சரி, அத்த எடு இத்த குடுன்னுதான் என்னைக் கூப்புட்றாங்க. நான் பேசறத நாலு பேரு ஒரு தபா சும்மா குந்திக்கினு கேக்கணும்ங்க. அவ்ளோதான்" என்றாள்.

அதற்கு மேல் யாராவது சிரிப்பார்களா?

அன்றிலிருந்து ஆரம்பித்தது தயாரிப்பு. வீட்டில் வெந்தயம் ஊறியது, கறிவேப்பிலை அரைபட்டது. எல்லாம் முடிக்கு. குழம்பில் ஒன்றுமில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜமீன்தாரை வாய்க்குள்ளேயே திட்டிப் பழகியதில் பக்கத்து சீட்டுக்காரி இடம் மாறிப் போனாள். அழுகைக் காட்சிக்கான பயிற்சி பால்கனியில். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் என்னைத் தனியாக ஓரங்கட்டி, "சார், இண்ட்லோ அந்தா பாகுந்தா?" என்று கேட்டார். வீட்டில் எல்லாம் சுகமா என்று விசாரிக்கிறாராம்!

ஆடிஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமியாரிடமிருந்து போன்.

"மாப்ள, நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க. நான் வேண்டிக்கினு கீறேன். புவனாவுக்கு வேஷம் கெடச்சா ஏழுமலையானுக்கு முடி குடுக்கறதா..."

"யார் முடி அத்தை?"

"அவ முடிதான். எனுக்கு எங்க கீது முடி? எலிவாலு கணக்கா நாலு மசுரு. சாமிக்குக் குடுக்கறதுன்னா நல்லதா குடுக்க வேணாமா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மலையடிவாரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு, முடி என்பது தலையில் இருக்கிற வரைக்கும்தான் சொந்தம். போர்வெல்லில் தண்ணீர் வந்தால் மொட்டை. பையன் பாஸானால் மொட்டை. மாடு நல்லபடியாகக் கன்று போட்டால் மொட்டை. யாருக்கு மொட்டை என்பது மட்டும் வேண்டிக்கொள்கிறவர் இஷ்டம்!

"அத்தை, அந்த வேஷத்துக்கே முடிதான் வேணும். நாடகம் முடிஞ்சப்புறம் கொடுத்தா ஆகாதா?"

"அய்யய்யோ, இத்த யாரு எங்கிட்ட சொன்னாங்க? கெடச்ச மறுநாளுக்குள்ளன்னு நானே வாய்வுட்டு சொல்லிட்டேனே... அப்பதான சாமி சுருக்கா செய்யும்?"

"பொம்பளைங்க மூணு கத்திரி முடி கொடுத்தா போதும்னு சொல்வாங்களே?"

"முழு மொட்டைன்னு சொல்லிட்டு சில்லறையா குடுத்தா நல்லாவா கீது?" உடனே அவரே ஒரு வழியும் சொன்னார். "வேணும்னா, வேஷம் கெடைக்கலன்னா மொட்டைன்னு மாத்தி வேண்டிக்கட்டா?"

"அப்போ ரெண்டு பக்கமும் மொட்டைதான் அத்தை!"

புவனா கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "வேஷம் கெடச்சா முடி குடுக்கணும். முடிய குடுத்தா வேஷம் போய்டும். வேஷம் போய்ட்டா, கெடைக்கலன்னுதான அர்த்தம்? கெடைக்கலன்னா முடிய இன்னாத்துக்குக் குடுக்கணும்? குடுக்கலன்னா வேஷம் கீது. கீதுன்னா குடுக்கணும்..."

அக்கவுண்ட்ஸ் படித்தவள். அவளுக்கே டேலி ஆகவில்லை.

மறுநாள் காலை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் ஆடிஷன். நீளச் சடைக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜமீன்தாராக நடிப்பவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாயைத் திறந்தால் மூடாத மனுஷன்.

புவனா எழுந்தாள். வேண்டுமென்றே சொதப்புவாளோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். சொதப்பவில்லை. அந்த மனுஷனைத் தூணோடு சேர்த்து ஒரு கட்டுக் கட்டினாள் பாருங்கள்! டைரக்டர் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஈ அம்மாயே! இந்தப் பொண்ணுதான்!"

ஜமீன்தாரை அவிழ்க்காமலேயே, புவனா வேண்டுதலைச் சொன்னாள்.

டைரக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மொக்குபடியா? பாபோய்! வேண்டிக்கிட்ட முடின்னா அது தேவுடு முடிம்மா. அத்தோட இந்தாளைக் கட்டினா நாடகம் உருப்படுமா?"

"மொதல்ல என்னை அவுத்து வுடுங்க. சாமி குத்தம் எம்மேல வரப்போவுது" என்று கத்தினார் ஜமீன்தார்.

வேஷம் போயிற்று. கிடைத்து, ஒரு காபி குடிக்கிற நேரத்துக்குள் போயிற்று. புவனாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினேன். எனக்கு மாமியார் மேல் கோபம், டைரக்டர் மேல் கோபம்... பெருமாள் மேலேயே கொஞ்சம் கோபம்.

திடீரென்று தோளைத் தட்டினாள். "வண்டிய மலைக்குத் திருப்புங்க."

"அதான் வேஷம் போயிடுச்சே... எதுக்கு?"

"கெடச்சிது இல்ல? அத்தினி பேரும் பாத்தாங்க இல்ல? குடுத்துட்லாம்."

கொடுத்துவிட்டாள்.

மறுநாள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நேராக அதே ஹாலுக்குப் போனாள். ஆடிஷன் மிச்சம் நடந்துகொண்டிருந்தது. "சார், ஒரே ஒரு தபா" என்றாள். டைரக்டர் பதில் சொல்வதற்குள் ஜமீன்தார் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

கட்டுவதற்கு ஒன்றுமில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை. அவரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்... தெலுங்கில்தான். "உன்னைக் கட்ட எங்கிட்ட இப்போ ஒண்ணுமில்லை. எங்கே, நகர்ந்து பார்."

அந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வாயைத் திறக்கவில்லை, ஐயா! அவர் கைகள் தானாகப் பின்னால் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டன. வரிசையில் இருந்த பெண்கள் சடையை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வரட்டுமே, பெண்டாட்டி ஜெயிக்கும்போது அழாமல் வேறு எதற்கு அழுவதாம்?

டைரக்டர் கதையையே மாற்றிவிட்டார். இப்போது இரண்டாம் காட்சியில் ஜமீன்தார் அவளுக்கு மொட்டை அடிக்கிறான். கடைசிக் காட்சியில் கட்டே இல்லாமல் கட்டுண்டு நிற்கிறான். அரங்கேற்றம் வரைக்கும் முடி வளரக் கூடாது என்று புவனாவுக்குக் கண்டிப்பான உத்தரவு!

மாமியாருக்கு போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷத்தில் விசும்பினார்.

"நாடகம் அமோகமா நடக்கணும்னு இப்பவே இன்னொன்னு வேண்டிக்கினேன் மாப்ள. பயப்படாதீங்க, புவனா முடி இல்ல. அவதான் குடுத்துட்டாளே..."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய், என் தலையை ஒருமுறை நன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.