நாத்தனார் காதில் நான் மாட்டிய கருவி

எனக்கு முடக்குவாதம். லேசான மின்துடிப்பால் வலியைக் குறைக்கும் புதுக் கருவி ஒன்றை, மருத்துவமனை ஆய்வுக்காகக் காதில் மாட்டி வருகிறேன். வலி நிஜமாகவே குறைந்திருந்தது.

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் தேநீர் குடிக்கும்போது நாத்தனார் மாலா கேட்டாள்: "முட்டி வலி உயிர் போகுது அண்ணி. நானும் ஒரு தடவை போட்டுப் பாக்குறேன் லா."

வேறு யாருக்கும் தரக்கூடாது என்று மருத்துவமனைத் தாதி சொல்லியிருந்தார். அவளுக்கு இல்லாததா என்று நானே மாட்டிவிட்டேன். அவள் நெஞ்சில் இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் இருப்பது நினைவுக்கே வரவில்லை. சிரித்தபடியே மேசைமேல் மயங்கிச் சாய்ந்தாள். பதறிப்போய்க் கருவியைப் பிடுங்கினேன். ஆம்புலன்ஸ் வந்தது; பிழைத்துக்கொண்டாள்.

கண் விழித்ததும், "முட்டி வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு அண்ணி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

இப்போது யாராவது, "அது போட்டா வலி குறையுதா?" என்று விசாரித்தால், "எங்க குறையுது லா" என்று பொய் சொல்லிவிட்டு, முடியை இழுத்துக் காதை மறைத்துக்கொள்கிறேன்.