போட்டோவில் முடி இருந்தது

என் மகள் டெங்கு காய்ச்சலில் தாம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, திருத்தணி முருகனுக்கு என் தலைமுடியைத் தருவதாக வேண்டிக்கொண்டேன். கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? முருகன் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்தவனைக் காக்க வைக்கக் கூடாது என்று, அவள் மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்ததுமே திருத்தணிக்குக் கிளம்பிவிட்டேன். காய்ச்சலில் ஏற்கெனவே நிறைய லீவு ஆகிவிட்டதால் அவளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நான் மட்டும்தான் போனேன்.

மறுநாள் பீர்க்கன்கரணை வீட்டுக்குத் திரும்பியபோது அவள் வேனில் பள்ளிக்குப் போயிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. சாயங்காலம் வந்ததும் மடியில் உட்காரவைத்து, பக்குவமாகச் சொல்லித் தலையைக் காட்டலாம் என்றிருந்தேன். பஞ்சாமிர்த டப்பாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றப் போகிறேன், நாத்தனார் போனோடு ஓடி வந்தாள்.

"அண்ணி, ஸ்கூல் குரூப்ல போட்டிருக்காங்க. பாம் வெச்சிருக்கேன்னு எவனோ மெயில் அனுப்பிட்டானாம். பிள்ளைங்கள வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

கையிலிருந்த தீப்பெட்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பள்ளியில் ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். அதில் மகளின் படமும், என் படமும், அவள் அப்பா படமும் இருக்கும். அதைக் காட்டுகிறவரிடம்தான் பிள்ளையை விடுவார்கள். என் வீட்டுக்காரர் சிறுசேரியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர். வண்டியில் இருந்தால் போனை எடுக்க மாட்டார். நான்தான் போக வேண்டும். கார்டை எடுத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டபடி தெருமுனைக்கு ஓடினேன்.

ஆட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "இதுக்கா இப்டி நடுங்கறக்கா? இதெல்லாம் டுபாக்கூருக்கா. எவனாவது வேல இல்லாதவன் அனுப்பியிருப்பான்."

"உன் பிள்ள உள்ள இருந்தா இப்படிப் பேசுவியா?"

"என் பையன் கவர்மெண்டு ஸ்கூலுக்கா. அதுக்கெல்லாம் எவனும் மெயிலு அனுப்ப மாட்டான்." சொல்லிவிட்டு என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வேகமாக ஓட்டினார். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வழியில் ஏதாவது ஒரு லாரி டயர் வெடித்திருந்தாலும் என் உயிர் போயிருக்கும்.

பள்ளி வாசலில் ஒரே கூட்டம். கேட்டை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தார்கள். உள்ளே மைதானத்தில் பிள்ளைகளை வரிசை வரிசையாக வெயிலில் உட்காரவைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே சீருடை. என் பிள்ளை எது என்று எனக்கே தெரியவில்லை. போலீஸ் நாய் ஒன்று மாடிப்படி ஏறிப் போவதைப் பார்த்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

கேட்டில் நின்ற செக்யூரிட்டி அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மகள் வேனில் போய் வருவதால் அவருக்கு என்னைத் தெரியாது. கார்டை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

"போட்டோவுல முடி கீதே."

"நேத்து திருத்தணியில மொட்ட போட்டேம்மா. வேண்டுதல்."

"மொட்ட யார் வேணா போட்டுக்கினு வரலாம்மா. வூட்டுக்காரருக்குப் போனப் போடு."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். "அந்தம்மாவ உள்ள விடு, இல்ல ஓரமா நிக்கச் சொல்லு. வெடிச்ச பிறகா எங்க பிள்ளைங்கள வாங்கறது?" என்று ஒருவர் கத்தினார். அந்த நெரிசலில் என் முந்தானை தலையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்துப் போடக்கூட கையைத் தூக்க இடமில்லை.

அதற்குள் கார்டிலிருந்த பெயரைக் கேட்டு டீச்சர் என் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேட்டுக்கு உட்புறம் நிறுத்தி, "பாரும்மா, இது யாரு? உங்க அம்மாவா?" என்று கேட்டார்.

அவள் பார்த்தது சந்தனம் பூசிய ஒரு மஞ்சள் மண்டையை. டீச்சரின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அழுததில் தொண்டை கட்டி, அந்தக் குரல் எனக்கே என் குரலாகத் தெரியவில்லை. அவள் இன்னும் வீரிட்டு அழுதாள். செக்யூரிட்டி அம்மா சட்டென்று கேட்டுக்குக் குறுக்கே கையை வைத்து, "சார், கொஞ்சம் இங்க வாங்க" என்று போலீஸ்காரரைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒருவர் போனைத் தூக்கி என்னைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "பிள்ள பிடிக்கறவளா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. உள்ளே குண்டு இருக்கலாம், வெளியே இவர்கள் என்னை அடிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை என்னைத் தெரியாது என்கிறாள். முருகா, உனக்குத்தானே கொடுத்தேன், அதனாலேயா இப்படி என்று மனசுக்குள் கதறினேன்.

அப்போது என்ன தோன்றியதோ, கீழே மண்டியிட்டேன். ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஊசி ஏற்றும்போதெல்லாம், குத்திய இடத்தில் மெல்ல ஊதி, "பறந்து போச்சு, பறந்து போச்சு" என்பேன். ராத்திரி பகல் என்று எத்தனை தடவை ஊதியிருப்பேன். கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து, என் உள்ளங்கையை விரித்து, அதேபோல ஊதினேன். "பறந்து போச்சு" என்றேன். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது.

அழுகை நின்றது. டீச்சர் சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்தது. ஊசி போட்ட அதே இடது கை. கம்பி வழியாக வெளியே நீண்டது.

அப்போதும் செக்யூரிட்டி அம்மா கேட்டை விடவில்லை. குனிந்து, "பாப்பா, வாயத் தொறந்து சொல்லு. யாரு இது?" என்றார்.

"அம்மா. ஆனா முடி இல்ல."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். போலீஸ்காரர் என் போன் நம்பரை எழுதிக்கொண்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே வந்து, ஒரு வேப்ப மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தலையை விரலால் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், எதுவும் இல்லை, வெறும் மிரட்டல்தான் என்று குரூப்பில் போட்டார்கள். ஆட்டோக்காரர் சொன்னதுதான் சரி. ஆனாலும் இன்றுவரை பகலில் அந்தக் குரூப்பில் செய்தி வந்து போன் சத்தம் போட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

அன்றைக்கு அந்தச் செக்யூரிட்டி அம்மாமேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்து பிள்ளை தூங்கிய பிறகுதான் வேறு மாதிரி தோன்றியது. நானாக இல்லாமல், நிஜமாகவே வேறு யாரோ ஒரு மொட்டைத் தலைக்காரி அந்தக் கார்டோடு வந்து நின்றிருந்தால்?

பள்ளி மறுபடி திறந்த அன்று மகளை நானே கூட்டிக்கொண்டு போனேன். பஞ்சாமிர்த டப்பாவை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"சாப்பாட்டுப் பொருளு கேட்ல வாங்கக் கூடாதுக்கா. ரூலு" என்றார்.

"முருகன் பிரசாதம்மா."

"முருகனுக்கும் அதே ரூலுதான்." சிரித்தார். பிறகு நெற்றியைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, "விபூதி இருந்தா வெச்சி வுடு" என்றார்.

இடுப்பில் முடிந்து வைத்திருந்த விபூதியை எடுத்துக் கம்பி வழியாகப் பூசினேன். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்ததும் என் மொட்டைத் தலையை ஒரு தடவை பார்த்தார்.

"புது போட்டோ எடுத்துக் குடுத்துட்டியாக்கா?"