டிட்டோ போட்ட மயக்கம்

தலைசுற்றி விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிப்பது என் தொழில். விழ வைக்கிறவர்களைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் முதலுதவி அறை ஆயா நான். எட்டாவது வரை படிப்பு. பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகிப் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தேன். ஷிப்டில் நின்று நின்று கண் இருட்டி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதுசு இல்லை.

இரண்டு கொசு

மயங்கி வருகிறவர்களுக்கு நான் குளுக்கோஸ் கலக்கிக் கொடுப்பேன், நர்ஸ் சிஸ்டர் நோட்டில் எழுதுவார். ‘காரணம்’ என்கிற கட்டத்தில் முதல் ஆளுக்கு ‘சாப்பிடவில்லை’. அதற்குக் கீழே பக்கம் முழுக்க, கொசு உட்கார்ந்த மாதிரி இரண்டிரண்டு கோடு. அதற்குப் பெயர் டிட்டோவாம். மேலே இருப்பதேதான் கீழேயும் என்று அர்த்தமாம். “ஆபீஸ்ல அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்காங்கம்மா” என்றார். சாப்பிடாதது தொழிலாளி தப்பு, கம்பெனி மேல் பாவமில்லை. என்ன நியாயம் பாருங்கள்!

ஒரு நாள் வெல்டிங் ஆள் ஒருவர் தலைசுற்றி வந்து, காலையில் தின்ற இட்லி மொத்தத்தையும் தரையில் வாந்தி எடுத்தார். துடைத்தவள் நான். அவருக்கும் டிட்டோ. நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஆயாம்மா, நீ வாரிக் கொட்டினது இன்னா, பக்கத்து வூட்டு இட்லியா?”

நிரம்பின பாட்டில்

தகடு அழுத்துகிற பிரஸ் மெஷின் லைனில் கான்ட்ராக்டில் வேலை செய்கிற பரிமளா, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாக நிற்கிறவள். கண்ணை இருட்டுது என்று வந்தாள். சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது, நாக்கு காய்ந்திருந்தது. கையில் பாட்டில் நிறையத் தண்ணீர்! ஏம்மா குடிக்கலை என்றேன். பாத்ரூம் போக வேண்டுமானால் மெஷினில் மாற்றி நிற்க ரிலீவர் வர வேண்டும். லைனுக்கே ஒரே ரிலீவர். அதனால் பஸ் ஏறினதிலிருந்து மத்தியானம் வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அவளுக்கும் ‘சாப்பிடவில்லை’. ஒரே மாசத்தில் மூன்று முறை நோட்டில் பெயர் ஏறினால், உடம்புக்கு முடியாதவள் என்று கான்ட்ராக்டர் நிறுத்திவிடுவார். இது முதல் முறை. ஆபீஸில் பெரிய சாரிடமாவது சொல்லேன் என்றேன். “குடிச்சா போவணும், போவணும்னா கேக்கணும், கேட்டா சிரிக்கிறானுங்கக்கா.”

காதுக்குள் குக்கர்

அடுத்த வாரமே மறுபடியும் வந்தாள். வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் குக்கர் விசில் மாதிரி ஓயாமல் கேட்கிறதாம், எழுந்தால் தரை சாய்கிறதாம். காதில் வைக்கிற அடைப்பான் இங்கே, வெளியிலிருந்து சோதிக்க ஆள் வருகிற ஆடிட் அன்றைக்கு மட்டும்தான். வந்தவர்கள் போனதும் தட்டில் திருப்பி வாங்கி, கழுவிப் பூட்டி வைக்கிறவளே நான்தான். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். பஞ்சாவது வைப்போம் என்று வைத்தாளாம். கூப்பிட்டால் கேட்காது என்று சூப்பர்வைசர் எடுக்க வைத்துவிட்டார். இரண்டாவது டிட்டோ.

மனசு ஆறாமல் அந்த சூப்பர்வைசரிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “மெஷின்னா சத்தம் போடத்தான் செய்யும் ஆயாம்மா, உங்க சர்ச்சுல மணி அடிக்கலையா?”

சாப்பிடாத ஒரே ஆள்

எங்கள் மணி அடித்தால் ஓய்ந்துவிடும் என்பது அறைக்குத் திரும்பின பிறகுதான் எனக்குத் தோன்றியது. நாலு நாள் கழித்து அந்த சூப்பர்வைசரே மயங்கி வந்தார். ஏசி அறையில் வேர்வை ஊற்றுகிறது, கை நடுங்குகிறது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மீட்டிங் என்று டிபனை விட்டுவிட்டாராம். குளுக்கோஸ் குடித்ததும் தெளிந்தார். அப்புறமும் கம்பெனி கார் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது.

நோட்டைப் பார்த்தேன். அந்த அறையில் உண்மையாகவே சாப்பிடாமல் விழுந்த ஒரே மனுஷனுக்கு ‘வேலைப்பளு’ என்று எழுதியிருந்தது! கூட வந்த ஆபீஸ் சார் என்னிடம் வருத்தப்பட்டார்: “ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவாரு, சொல்லுங்க?”

மூன்றாவது தடவை

மறுநாள் பரிமளாவை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கண் திறந்ததும், “அக்கா, பேரை மட்டும் எழுதாதீங்கக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! புதுப் பக்கம். சிஸ்டர் கையிலிருந்து பேனாவை வாங்கி, அவள் பெயரைப் போட்டு, ‘காரணம்’ கட்டத்தில் என் கோழிக்கிறுக்கலில் எழுதினேன்: ‘சாப்பிட்டாள். பாத்ரூம் விடாததால் தண்ணீர் குடிக்கவில்லை. மெஷின் சத்தத்தில் காது போகிறது.’ அன்று வெயில் கொளுத்தியது. அதே லைனிலிருந்து இன்னும் ஐந்து பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியையும் விசாரித்து, என் எழுத்துக்குக் கீழே அமைதியாக இரண்டிரண்டு கொசு வைத்தார் சிஸ்டர்.

அந்தக் காரணத்துக்குப் பரிமளாவை நிறுத்த வேண்டுமானால் அந்தப் பக்கத்தில் இருக்கிற ஆறு பேரையும் நிறுத்த வேண்டும், லைன் என்னாவது? இப்போது அவளுக்கு வேலை இருக்கிறது, லைனுக்கு இரண்டு ரிலீவர், காது அடைப்பானும் தினம் உண்டு. அவள் காதில் விசில் மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்கிறார். அன்றைக்கு ஆபீஸ் சார் நோட்டைத் தூக்கிக்கொண்டு, எல்லாருக்கும் எப்படி ஒரே காரணம் என்று கத்தினார். சிஸ்டர் நிமிராமலே சொன்னார்: “நீங்க சொல்லிக் குடுத்த டிட்டோதான் சார்.”

பரலோகத்துக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்து மேஜை நோட்டிலும் எழுதலாம் என்று புரிய இத்தனை பேர் மயங்கி விழ வேண்டியிருந்தது.