குதிரைப் பெட்டிக்கு ஒரு சேஃப்ரி

அந்த ஓகஸ்ட் மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. அப்பாவின் தம்பியான சித்தப்பா ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டைக்கூடக் கட்டி அவிழ்த்திராத மனிதர், கனடாவுக்கு வந்து குதிரைகளைக் குளிப்பாட்டினார். அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

பண்ணைக்காரர் குதிரைகளை ஏற்றிச் செல்லப் புது ட்றெயிலர் வாங்கியதும் பழைய பெட்டியைச் சித்தப்பாவிடம் தள்ளிவிட்டார். பின்பக்கத்தில் இரண்டு குதிரைகள் நிற்கலாம். முன்பக்கத்தில் மனிதர் தங்க ஒரு சின்ன அறை. மேலே கட்டில், கீழே உட்கார ஒரு வாங்கு, ஓர் அடுப்பு, கை கழுவும் தொட்டி, சுவரோடு ஒரு காஸ் ஹீற்றர். கண்காட்சிகளுக்குக் குதிரை கொண்டு போகிறவர்கள் தாங்களும் அதிலேயே படுத்து எழும்பச் செய்தது. சித்தப்பா அதைப் பண்ணைக்காரரின் பிக்கப்பில் கொளுவிக்கொண்டு வந்து எங்கள் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார். நாலு கார் நிற்கிற இடம் போயிற்று. தம்பி உள்ளே ஏறியவன் இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தான். எனக்கும் அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஏரிக்கரை வீடுகளுக்குப் போன கதைகளை எழுதுவார்கள். முந்திய வருடம் நான் எங்கள் கட்டடத்து எலிவேற்றர் பழுதான கதையை எழுதியிருந்தேன்.

எல்லாருமாக ஏரிக்கரைக்குப் போய் இரண்டு நாள் தங்கலாம் என்றார் சித்தப்பா. அப்பா பெட்டியை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உதுக்குச் சேஃப்ரி எடுத்தாச்சோ?"

சேஃப்ரி என்றால் வண்டி ஓடத் தகுந்தது என்று மெக்கானிக் சோதித்துக் கையெழுத்திட்டுத் தருகிற கடதாசி. அப்பா ஊரில் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். முத்திரை விழாத எதையும் நம்பமாட்டார்.

"அண்ணை, உது குதிரைப் பெட்டி. சேஃப்ரி காருக்குத்தான். உந்தச் சைசுக்குச் சட்டப்படி தேவையில்லையெண்டு பண்ணைக்காரர் சொல்றார்."

"குதிரைக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். என்ரை பிள்ளையள் படுக்கிறதெண்டால் கடதாசி வேணும்."

இப்படித் தொடங்கியது எங்கள் அலைச்சல். பண்ணைக்குக் கிட்ட ஒரு கராஜ். அங்கிருந்த வயதான மெக்கானிக் தன் மீசைக்குள்ளேயே பேசுவார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வேலைக்குப் போதுமான இங்கிலிஷ் இருந்தது, அந்த மீசைக்குப் போதுமானது இருக்கவில்லை. அம்மாவிடம் 'யேஸ்', 'நோ', 'தாங்க் யூ' மட்டும்தான். ஆகவே சனிக்கிழமை காலைக் கார்ட்டூன்களை விட்டுவிட்டு நான் போகவேண்டியிருந்தது. நான் போனால் தம்பி வருவான், தம்பி வந்தால் அம்மா வருவார்.

முதல் சனிக்கிழமை பின் விளக்குகள் எரியவில்லை. இரண்டாவது சனிக்கிழமை விளக்குகள் எரிந்தன, ஆனால் ரயர்கள் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தன. மூன்றாவது சனிக்கிழமை மெக்கானிக் பின்பக்கத்து றப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு, ஸ்குறூ ட்ரைவரால் பலகையைக் குத்தினார். கேக்கில் கத்தி இறங்குவதுபோல அது இறங்கியது. வருடக்கணக்காகக் குதிரைகள் பெய்த மூத்திரம் பலகையைத் தின்றிருந்தது.

"பாத்தியே?" என்றார் அப்பா.

"ஒரு குதிரையும் விழேல்லைத்தானே அண்ணை!"

திரும்பும் வழியெல்லாம் இருவரும் சண்டை பிடித்தார்கள். கடதாசி பெரிதா, கண்ணால் காண்கிறது பெரிதா என்று ஒரே வழக்கு. சித்தப்பா புதுப் பலகை அடித்தார். அதற்குள் விடுமுறை முடிந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் என்ற நிலையில், வெள்ளி பின்னேரம் நாலாவது தடவையாகப் போனோம்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். பிறேக்கைச் சோதித்தார். பலகையில் ஏறி மிதித்தார். கடைசியில் கடதாசியை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் மெக்கானிக் அதோடு நிற்கவில்லை. முன் அறைக் கதவைத் திறந்து, ஹீற்றரைக் காட்டி, என்னைப் பார்த்து மெதுவாகப் பேசத் தொடங்கினார். தான் கையெழுத்துப் போட்டது வண்டியின் சில்லு, பிறேக், விளக்கு, பலகை இவற்றுக்கு மட்டும். இந்த அறை தன்னுடைய வேலை இல்லை. இந்த ஹீற்றர் மிகப் பழையது. காஸ் வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் பார்க்கும்வரை மூட்டவேண்டாம். புகை உள்ளே திரும்பினால் மணமும் வராது, உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. அப்பாவிடம் இதைச் சொல்லு என்றார்.

அந்த முறை ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நடக்கப்போவதும் விளங்கியது. அப்பா காஸ்காரனைத் தேடுவார். திங்களும் விடுமுறையான நீண்ட வார இறுதியில் எந்தக் காஸ்காரனும் கிடைக்கமாட்டான். செவ்வாய்க்கிழமை நான் மறுபடியும் எலிவேற்றரைப் பற்றி எழுதுவேன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"எல்லாம் ஓகேயாம்."

அப்பா கடதாசியை நாலாக மடித்துச் சேர்ட் பையில் வைத்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தம்பியின் சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினேன்.

மறுநாள் புறப்பட்டோம். ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் சொர்க்கமாக இருந்தது. பிறகு மழை தொடங்கியது. பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் குளிர் எலும்புக்குள் போய்விட்டது. தண்ணீரில் விளையாடிய தம்பிக்கு உதடு நீலம் பாரித்துப் பல் அடித்தது. கதவைச் சாத்திவிட்டுச் சித்தப்பா ஹீற்றரை மூட்டக் குனிந்தார். திருகுகிற குமிழைக் காணவில்லை. வாங்குக்கு அடியில், தொட்டிக்குள், கட்டில் மேலே எல்லாம் தேடினோம்.

"தேடவேண்டாம். நான் கழட்டிப்போட்டன்," என்றார் அம்மா.

"எங்கை அண்ணி?"

"வீட்டிலை இருக்கு."

குமிழ் இல்லாமலே திருகச் சித்தப்பா குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா தம்பியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஹீற்றருக்கு முதுகைக் கொடுத்து நிலத்தில் இருந்துவிட்டார். அப்பா சேர்ட் பையிலிருந்து கடதாசியை எடுத்து விரித்து அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நாலு கிழமை அலைஞ்சு எடுத்தது இதுக்கோ? ஏனெண்டாவது சொல்லன்!"

"எனக்குப் பிடிக்கேல்லை."

எவ்வளவு கேட்டும் அந்த ஒரே பதில்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்களாலைதான் எல்லாம் நாசமாப் போச்சு," என்று கத்தினேன். என்னைக் கண்டிக்கவேண்டிய அப்பா தலையாட்டினார். அம்மா தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் கட்டி, பிக்கப்பின் சூட்டில் நெருக்கி இருந்துகொண்டு வீடு திரும்பினோம்.

அடுத்த கிழமை சித்தப்பா போன் எடுத்தார். பண்ணைக்கு வேறு வேலையாக வந்த காஸ்காரர் பெட்டியையும் பார்த்தாராம். புகை போகிற குழாய்க்குள் குளவி கூடு கட்டி அடைத்திருந்ததாம். ஹீற்றரின் பின் தகடு வெடிப்பு விட்டிருந்ததாம். கதவைச் சாத்திக்கொண்டு மூட்டியிருந்தால் உள்ளே இருந்தவர்கள் நித்திரையாகியிருப்பார்கள், எழும்பியிருக்கமாட்டார்கள் என்று சொன்னாராம்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கடதாசியை முதல் தடவையாக முழுவதும் வாசித்தார். சில்லு, பிறேக், விளக்கு, பலகை. திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லேல்லையே அந்த மீசைக்காரன்!" என்று தொடங்கியவர், வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் குசினி வாசலில் நின்றேன். அம்மா கறியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் காய்ந்த படுக்கை விரிப்பை மடிக்க அம்மா என்னைக் கூப்பிட்டார். ஒரு முனையை என் கையில் தந்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"அந்த மனுசன் கனநேரம் கதைச்சது. ஹீற்றரையும் காட்டினது. நீ ரெண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டாய் பிள்ளை."

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. விரிப்பை இரண்டாக, நாலாக மடித்தோம். அவ்வளவுதான். அப்பாவிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. அந்த மெக்கானிக் அப்பாவுக்குக் கடைசிவரை கள்ளனாகவே இருந்தார்.

அந்தச் செப்டெம்பரிலேயே அம்மா தேவாலயத்து நிலவறையில் நடந்த இங்கிலிஷ் வகுப்பில் சேர்ந்தார். செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் தம்பியைப் பார்க்கவேண்டியது நான். எனக்கு அது அடுத்த எரிச்சல். நான்தான் இருக்கிறேனே, பிறகு ஏன் வகுப்பு என்று சண்டை பிடித்தேன். அம்மா சப்பாத்தை மாட்டிக்கொண்டு போவார். நல்ல வேலை ஒன்றுக்காகப் படிக்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் பாத்திரம் கழுவியபடியே ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "பிளீஸ் ஸ்பீக் சிலோலி. ஐ வில் அண்டர்ஸ்டாண்ட்."

'சிலோலி' இல்லை, 'ஸ்லோலி' என்று சிரித்துச் சிரித்துத் திருத்தினேன். எல்லா வசனங்களையும் விட்டு அம்மா அதை ஏன் முதலில் பழகினார் என்பது எனக்கு விளங்கவில்லை.